கடல் கடந்து வரும் பழைய கீபோர்ட்டுகள்: திருத்த முடிந்ததையே வாங்குவோம்

நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் செய்யப்பட்ட ஒரு சின்தசைசரை, அதாவது மின்சுற்றுகளால் ஒலிகளை உருவாக்கும் கீபோர்ட்டை, இன்று திருகோணமலை உவர்மலையில் வீட்டு விறாந்தையில் இருந்தபடியே வாங்கிவிடலாம். இணைய ஏலத்தில் படங்களைப் பார்த்து, விலை கேட்டு, கடனட்டையில் பணம் கட்டினால் சில கிழமைகளில் பொதி நாட்டுக்குள் வந்துவிடும். வாங்குவது இவ்வளவு எளிதாகிவிட்டதால்தான் வாங்கிய பின் வரும் சிக்கல்களைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. பொருந்தாத மின்சாரம், உள்ளே கசிந்துபோன பற்றரி, எங்கும் கிடைக்காத ஒரு சிப், கருவியின் நிறையைவிடக் கூடுதலான நிறைக்குக் கேட்கப்படும் கூலி, சுங்கத் தீர்வை என்று அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஏலத்தில் தெரியும் விலை இவற்றில் எதையும் சொல்வதில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பழைய கருவியை அதன் புகழுக்காக வாங்கக் கூடாது. திருகோணமலையிலோ கொழும்பிலோ அதைத் திறந்து திருத்தக்கூடியவர் ஒருவர் இருக்கிறாரா, அதற்குரிய பாகங்கள் இன்றும் கிடைக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே விலையைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கருவிகள் மீது நம்மவர்களுக்கு ஆசை வருவதில் வியப்பில்லை. பத்திரகாளி அம்பாள் ஆலயத் திருவிழாக் காலத்திலும் மற்றக் கோயில்களின் திருவிழா இரவுகளிலும் இசைக்குழுக்கள் வாசிக்கும் எண்பதுகளின் திரைப்பாடல்களில் பாதி, அந்தக் காலத்துக் கீபோர்ட்டுகளின் ஒலியால் ஆனவை. வீட்டில் கணினியை வைத்து இசையமைக்கும் இளைஞர்களும் அதே ஒலியைத் தேடுகிறார்கள். ஒரு நல்ல கருவி குடும்பத்துக்கு வருமானமும் தரும். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் மறைந்த பின், அவர் விட்டுச்சென்ற இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டே அந்தக் குடும்பம் வாழ்ந்தது. இங்கும் ஓர் இரவுக் கச்சேரிக்குக் கீபோர்ட்டை வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இது வெறும் சேகரிப்பு ஆசை என்று தள்ளிவிட முடியாத விடயம்.

எண்பதுகளின் ஒலி என்றவுடன் முதலில் நினைவுக்கு வருவது யமஹா டிஎக்ஸ்7. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜோன் சௌனிங் 1967 இல் கண்டறிந்த எஃப்எம் முறையை, அதாவது ஓர் ஒலியலையைக் கொண்டு இன்னோர் ஒலியலையின் அதிர்வெண்ணை மிக வேகமாக மாற்றிப் புதிய ஒலிகளைப் பிறப்பிக்கும் முறையை, யமஹா உரிமம் பெற்று வளர்த்தெடுத்து 1983 இல் இந்தக் கருவியாகச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரே நேரத்தில் 16 சுரங்கள் ஒலிக்கும். மணி, மின்பியானோ, பேஸ் கிற்றார் என்று அதுவரை சின்தசைசர்களில் சரியாக வராத கூர்மையான ஒலிகள் அதில் வந்தன. விலையும் அதற்கு முந்திய கருவிகளோடு ஒப்பிடும்போது எட்டக்கூடியதாக இருந்ததால் உலகின் ஒலிப்பதிவுக் கூடங்கள் எங்கும் அது பரவியது. இன்று பழைய சந்தையில் தாராளமாகக் கிடைப்பதற்குக் காரணமும் அந்த எண்ணிக்கைதான்.

அதே 1983 ஆம் ஆண்டு மிடி என்ற பொது இணைப்பு முறையும் நடைமுறைக்கு வந்தது. ரோலண்ட் நிறுவனத்தின் இகுதாரோ காகெஹாஷியும் சீக்வென்ஷியல் சர்கிட்ஸ் நிறுவனத்தின் டேவ் ஸ்மித்தும் அதற்கு முன்நின்றவர்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 2013 இல், இருவருக்கும் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கிடைத்தது. ஐந்து ஊசி கொண்ட அந்த வட்டமான இணைப்பும், அதைக் கணினியின் யூஎஸ்பி துளைக்கு மாற்றித் தரும் சிறிய இடைக்கருவி ஒன்றும் இருந்தால் போதும், 1983 இன் கருவியும் இன்றைய மடிக்கணினியும் ஒன்றோடொன்று பேசும். வாங்க நினைப்பவர் கருவியின் பின்பக்கப் படத்தில் முதலில் தேட வேண்டியது அதைத்தான். மிடிக்கு முந்திய கருவிகள் அருமையானவை என்றாலும், முதல் கருவியாக அவற்றை வாங்கச் சொல்லமாட்டேன்.

நம் இசைக்கு உரிய ஒரு தேவையும் உண்டு. கமகத்துக்கு ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்ல வேண்டும். சில சுரங்கள் பியானோவின் கட்டைகளுக்கு இடையில் நிற்க வேண்டும். சுருதியை வளைக்கும் சக்கரமும், வழுக்கும் வேகத்தைத் தீர்மானிக்கும் வசதியும் பழைய சின்தசைசர்கள் பலவற்றில் கைக்கு எட்டும் இடத்திலேயே இருக்கின்றன. இன்றைய மலிவான பயிற்சிக் கீபோர்ட்டுகளில் சக்கரம் பெரும்பாலும் இருப்பதே இல்லை. டிஎக்ஸ்7 இன் அடுத்த தலைமுறையான டிஎக்ஸ்7II இல் ஒவ்வொரு கட்டைக்கும் தனித்தனியே சுருதி அமைத்துக்கொள்ளும் வசதி வந்தது. கர்நாடக இசை தெரிந்த ஒருவருக்கு மூல டிஎக்ஸ்7 ஐவிட அதன் இந்தத் தம்பிதான் கூடுதலாகப் பயன்படும்; சேகரிப்பாளர்கள் மூலத்தைத் துரத்துவது நமக்கு வசதியாகிவிடுகிறது.

இனி மின்சாரம். இலங்கையில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். டோக்கியோவும் கிழக்குப் பகுதியும் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவும் மேற்குப் பகுதியும் 60 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். பிரித்தானியாவில் நம்முடையதைப் போலவே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். பிளக்கும் நம் வீடுகளில் இப்போது பரவலாக இருக்கும் அதே சதுர ஊசி 13 அம்பியர் பிளக். சிங்கப்பூரும் ஐக்கிய அரபு அமீரகமும் ஏறத்தாழ இதே நிலைதான்.

இந்தச் சிறிய உண்மைக்குள் நம்மவர்களுக்கு ஒரு பெரிய வசதி ஒளிந்திருக்கிறது. திருகோணமலையில் பல வீடுகளுக்கு லண்டனிலும் ரொறன்ரோவிலும் வளைகுடாவிலும் உறவினர்கள் உண்டு. கருவி வாங்குவதற்கு ரொறன்ரோவில் இருக்கும் அண்ணாவைவிட லண்டனில் இருக்கும் மருமகன் உதவியானவர். அவர் வாங்கித் தரும் கருவியை இங்கே சுவரில் நேரடியாகச் செருகலாம். அவரால் விற்பவரின் வீட்டுக்கே போய், வாசித்துப் பார்த்து, கையோடு கொண்டுவரவும் முடியும். ஜப்பானிய ஏலத்தில் அதே கருவி மலிவாகத் தெரியலாம். மின்மாற்றியின் செலவையும், பார்க்காமல் வாங்கும் ஆபத்தையும் கூட்டிப் பார்த்தால் அந்த மலிவு பல வேளைகளில் மறைந்துவிடுகிறது.

ஜப்பானியக் கருவியைத்தான் வாங்குகிறீர்கள் என்றால் மின்மாற்றியில் சிக்கனம் பார்க்கக் கூடாது. நம் கடைகளில் இலகுவாகக் கிடைப்பது 230 ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்போமர். ஜப்பானியக் கருவிக்கு வேண்டியது 100. பத்து வோல்ட்தானே என்று தோன்றும். ஆனால் வீட்டு மின்சாரம் 240 க்கு ஏறும் நேரத்தில் அந்த டிரான்ஸ்போமர் 115 வோல்ட்டைத் தரும். அது கருவிக்கு வேண்டியதைவிட 15 வீதம் கூட. மேலதிகமாக வருவதெல்லாம் உள்ளே வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டரில் வெப்பமாகவே கழியும். நாற்பது வயதுக் கப்பாசிட்டர்களுக்குப் பக்கத்தில் அந்த வெப்பம் நல்லதல்ல. கொழும்பில் சொல்லிச் சுற்றுவித்தால் சரியாக 100 வோல்ட் தரும் மின்மாற்றி கிடைக்கும். சுற்றுபவரிடம், உள்வரும் சுற்றும் வெளிச்செல்லும் சுற்றும் ஒன்றையொன்று தொடாத தனித்தனிச் சுற்றுகளாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் சொல்லுங்கள். ஒற்றைச் சுற்றில் இடையில் கம்பி எடுத்துச் செய்யும் மலிவான வகை, ஏதாவது பழுது வரும்போது 230 வோல்ட்டையும் கருவிக்குள் விட்டுவிடக்கூடியது. ஜப்பானியக் கருவிகள் பெரும்பாலும் நிலத்தொடுப்பு இல்லாத இரண்டு ஊசிப் பிளக்கோடு வருகின்றன என்பதையும் சேர்த்து யோசித்தால் இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம்.

சில கருவிகளின் உள் மின்மாற்றியிலேயே 100, 120, 220, 240 என்று பல இணைப்புகள் இருக்கும். கம்பியை மாற்றிப் பற்றவைத்தால் வெளி மின்மாற்றி தேவையில்லை. அப்படி மாற்றும்போது பியூஸையும் மாற்ற வேண்டும்: 120 இலிருந்து 240 க்குப் போனால் கருவி இழுக்கும் அம்பியர் பாதியாகிவிடும், பழைய பியூஸ் காவலாக இராது.

ஹெர்ட்ஸ் வேறுபாடு பெரும்பாலான கருவிகளைப் பாதிக்காது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்யப்பட்ட மின்மாற்றிகள் இங்கே சற்று அதிகமாகச் சூடாகும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கருவி மட்டும் இதில் சுருதியையே இழந்துவிடும். ஹமண்ட் நிறுவனத்தின் பழைய ஓர்கன்களில் ஒலியைப் பிறப்பிப்பவை சுழலும் பற்சக்கரங்கள். அவற்றைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 க்குச் செய்த அமெரிக்க ஓர்கனை 50 இல் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறையும். வெள்ளையும் கறுப்புமாக எண்ணினால் மூன்று கட்டை கீழே போய்த்தான் ஒவ்வொரு சுரமும் ஒலிக்கும். தேவாலயத்துக்கு ஹமண்ட் வேண்டும் என்று யாராவது கேட்டால், வோல்ட்டை மாற்றும் மின்மாற்றி இதைத் தீர்க்காது என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

வெளியே தனி அடாப்டர் கொண்ட சிறிய கருவிகளுக்கு, அடாப்டரை மட்டும் இங்கே வாங்கிக்கொண்டால், இந்தத் தொல்லைகள் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வோல்ட்டையும், முனையில் நேரும் எதிரும் எந்தப் பக்கம் என்பதையும் மட்டும். கேசியோவின் பழைய 9 வோல்ட் கருவிகளுக்கு அடாப்டர் முனையின் நடு ஊசி எதிர். யமஹாவின் 12 வோல்ட் சிறிய கீபோர்ட்டுகளுக்கு நடு நேர். ஒன்றின் அடாப்டரை மற்றதில் செருகக் கூடாது. இந்தப் பிரிவில் நான் மனமாரப் பரிந்துரைக்கும் கருவி 1984 இல் வந்த கேசியோ சிசட்-101. சிறிய கட்டைகள், 49 கட்டை, மிடி உண்டு, ஆறு பெரிய டோர்ச் பற்றரியில் ஓடும். மின்தடை வந்தாலும் வாசிக்கலாம். 2022 இல் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில் இதைச் சிறிய நன்மை என்று சொல்லமாட்டேன். தோற்றத்தில் விளையாட்டுச் சாமான் போல இருப்பதால் சிலர் அதை மதிப்பதில்லை, ஒலியோ முதிர்ந்தது.

பழைய கருவிகளுக்குள் முதுமை எங்கே தொடங்குகிறது என்று தெரிந்தால் வாங்கும்போது எதைக் கேட்பது என்றும் தெரியும். முதலாவது பற்றரி. அமைத்துவைத்த ஒலிகளை நினைவில் வைத்திருக்க இந்தக் கருவிகளுக்குள் ஒரு சிறிய பற்றரி இருக்கும். டிஎக்ஸ்7 இலும், 1988 இல் வந்த கோர்க் எம்1 இலும் அது 3 வோல்ட் லிதியம் வட்டப் பற்றரி. தீர்ந்தால் ஒலிகள் அழியும், கருவிக்குக் கேடில்லை. 1981 இன் கோர்க் பொலிசிக்ஸில் இருப்பது நிக்கல் கட்மியம் பற்றரி. அது வயதானால் கசியும், கசிந்த திரவம் அடியில் இருக்கும் சுற்றுப் பலகையின் செப்புப் பாதைகளைத் தின்றுவிடும். ஆகவே பொலிசிக்ஸ் விற்பவரிடம் அந்தப் பலகையின் படத்தைக் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள்.

ரோலண்ட் ஜுனோ-106 இன் கதை வேறு. 1984 இல் வந்த இந்தக் கருவிக்கு இன்றும் பெரிய கிராக்கி. ஆறு குரல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஆறு சுரங்கள்; ஒவ்வொரு குரலுக்கும் 80017ஏ என்ற சிப் ஒன்று. அந்தச் சிப்பைச் சுற்றிப் பூசப்பட்ட பிசின் ஆண்டுகள் போகப்போக மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அப்போது ஒரு குரல் கரகரக்கும், அல்லது ஊமையாகும். ஒன்று போனால் மற்றவையும் போகக் காத்திருக்கின்றன என்று கொள்ளலாம். அசெட்டோனில் ஊறவைத்துப் பிசினை அகற்றினால் பல சிப்புகள் உயிர் பெறும். புதிதாகச் செய்யப்படும் மாற்றுச் சிப்புகளும் விற்பனைக்கு உண்டு. வாங்குபவர் இதை எளிதாகச் சோதிக்கலாம். கீ டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி கருவியை இயக்கினால் அது சோதனை நிலைக்குப் போகும்; ஒரு கட்டையை அழுத்தும்போது எந்தக் குரல் ஒலிக்கிறது என்ற எண் திரையில் தெரியும். ஆறு எண்களும் தெரியும்படி ஒரு காணொளி எடுத்து அனுப்பும்படி கேட்டால் நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார்.

வெப்பமும் கடற்காற்றும் நம் ஊருக்கே உரிய கேள்விகள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஓட்டு வீட்டின் மூடிய அறை எவ்வளவு சூடாகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1991 இல் வந்த ரோலண்ட் ஜேடி-800 இன் கட்டைகளுக்கு அடியில் பாரக் கட்டிகளை ஒட்டியிருக்கும் சிவப்புப் பசை, காலப்போக்கில் மீண்டும் இளகி வழிந்து, கட்டைகளையும் அவற்றின் கீழுள்ள தொடுபுள்ளிகளையும் நாசமாக்குகிறது. குளிர் நாடுகளிலேயே இது நடக்கிறது. வெப்பம் அதை விரைவுபடுத்தும். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றி, எரிசோடாக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். அழகான கருவி. சுத்தம் செய்து முடித்ததற்குப் படங்களோடு ஆதாரம் இல்லாவிட்டால் இந்தக் கரையோரத்துக்கு அதைக் கொண்டுவர வேண்டாம் என்பேன்.

உப்புக்காற்று இன்னும் பொறுமையாக வேலை செய்யும். டச்சு விரிகுடாவை ஒட்டிய வீடுகளிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் சைக்கிளின் கம்பிகள் எப்படித் துருப்பிடிக்கின்றனவோ அப்படியே கருவியின் ஜாக் துளைகளும் கட்டைகளின் சுருள்வில்களும் துருப்பிடிக்கும். வாடைக் காலத்து ஈரம் ஐப்பசியிலிருந்து தை வரை நீடிக்கும். கருவியைப் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி மூடினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பருத்தித் துணியால் மூடி, கடற்பக்க யன்னலுக்கு எதிர்ப்புறம் வைத்து, கிழமைக்கு ஒருமுறையாவது ஒரு மணிநேரம் இயக்கினால் உள்ளே எழும் மெல்லிய சூடே ஈரத்தை உலர்த்தும். பின்பக்கத் துளைகளுக்கு நுண்ணிய வலை போடுவதும் நல்லது. பல்லி ஒன்று உள்ளே போய் மின்பலகையில் மாட்டிக்கொண்டால் கருவியும் போகும், பல்லியும் போகும்.

திருத்த முடியுமா என்ற கேள்விக்கு வருகிறேன். மின்சுற்றிலேயே நேரடியாக ஒலியைப் பிறப்பிக்கும் அனலொக் கருவிகள் அடிக்கடி பழுதாகும், ஆனால் பெரும்பாலும் திருத்தலாம். ஒலியை எண்களாகக் கணித்துப் பிறப்பிக்கும் டிஜிற்றல் கருவிகள் அரிதாகப் பழுதாகும், ஆனால் அவற்றின் பிரத்தியேகச் சிப் போனால் அதே கருவி இன்னொன்றை உடைத்துப் பாகம் எடுப்பதைத் தவிர வழியில்லை. டிஎக்ஸ்7 இன் எஃப்எம் சிப்புகளை யமஹா தனக்காகவே செய்தது. கடையில் வாங்க முடியாது. ஆனாலும் அவை மிக உறுதியானவை, அதனால் அந்த ஆபத்தை ஏற்கலாம். இன்னொரு பக்கம், எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் பல நிறுவனங்கள் பயன்படுத்திய கேர்ட்டிஸ் நிறுவனத்தின் சிஇஎம்3340 என்ற ஒலியலைச் சிப் நெடுங்காலம் தட்டுப்பாடாக இருந்தது. 2016 இல் அதை மீண்டும் தயாரிக்கத் தொடங்கினார்கள். வேறு நிறுவனங்களும் அதற்கு இணையானவற்றைச் செய்கின்றன. ஒரு சிப் மறுபடி வெளிவந்ததால் பல பழைய கருவிகள் வாங்கத் தகுந்தவையாகிவிட்டன. கருவியின் பெயரோடு அதன் முக்கியச் சிப்பின் இலக்கத்தையும் தேடிப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

திருகோணமலையில் சின்தசைசர் திருத்துபவர் என்று பெயர்ப்பலகை போட்டவர் யாரும் தேவையில்லை. பழைய ரேடியோ, ரெலிவிஷன், அம்பிளிபயர் திருத்திப் பழகிய கைகள் நம்மிடம் உண்டு. அவர்களுக்கு மின்வழங்கிப் பகுதியும், காய்ந்த கப்பாசிட்டரும், தேய்ந்த வொலியூம் கட்டுப்பாடும், உடைந்த ஈயப்பற்றும் தினசரி வேலை. பழைய கருவிகளின் பழுதுகளில் பெரும்பகுதி இவைதான். அந்த நிறுவனங்கள் அக்காலத்தில் வெளியிட்ட திருத்தக் கையேடுகளில் முழுச் சுற்று வரைபடமும் இருக்கும். அதை அச்சிட்டுக் கையில் கொடுத்தால் அவர் வேலை பாதியாகும். சாதாரண பாகங்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கிடைக்கும். வாங்குவதற்கு முன்பே அவரிடம் போய்க் கையேட்டைக் காட்டி, “ஐயா, இதைத் திறந்து பார்க்க உங்களுக்குச் சம்மதமா?” என்று கேட்டுவிடுவதுதான் முறை. அவர் தலையசைக்காத கருவியை நான் வாங்கமாட்டேன்.

வாங்கும் இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈபே, ரிவர்ப் என்ற இணையச் சந்தைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஜப்பானிய யாஹூ ஏலத்தில் நேரடியாக விலை கேட்க நம்மால் முடியாது. நமக்காக வாங்கி, தங்கள் களஞ்சியத்தில் வைத்து அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு, அவற்றுக்குத் தனிக் கட்டணம். அங்கே ‘ஜங்க்’ என்று வகைப்படுத்திய பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பி அனுப்பவும் முடியாது. சில வேளைகளில் அது நன்றாகவே இயங்கும். விற்பவர் பொறுப்பேற்க விரும்பவில்லை என்பதே பொருள். மின்சாரம் பாய்கிறது, விளக்கு எரிகிறது என்று மட்டும் எழுதியிருந்தால் ஒலி வருகிறதா என்பதை அவர் பார்க்கவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும்போது வாங்குபவருக்குப் பாதுகாப்புத் தரும் வழியையே பயன்படுத்த வேண்டும். நண்பருக்கு அனுப்புவதுபோல அனுப்பச் சொல்லிக் கட்டணத்தை மிச்சப்படுத்தலாம் என்பவர், உங்கள் பாதுகாப்பைத் தன் மிச்சமாக்குகிறார்.

லண்டன் மருமகனுக்கு எழுதுவதானால் இப்படி எழுதலாம்: “தம்பி, போகும்போது ஹெட்போன் ஒன்று கொண்டு போங்கள். எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக மெதுவாகவும் பிறகு பலமாகவும் அடித்துப் பாருங்கள். எல்லாப் பொத்தானையும் அழுத்துங்கள். திரை மங்கலாக இருக்கிறதா பாருங்கள். அரைமணி நேரம் ஓடவிட்டு, சூடான பிறகு சுருதி நழுவுகிறதா என்று கேளுங்கள். பிறகு விலை பேசுங்கள்.” இந்த அரைமணி நேரச் சோதனை எந்தக் காணொளியைவிடவும் பெறுமதியானது, பல பழுதுகள் கருவி குளிர்ந்திருக்கும்போது தலைகாட்டுவதே இல்லை.

அனுப்புகூலியில் பலரும் எதிர்பாராதது கனவளவு நிறை. விமான வழிக் கூரியர் நிறுவனங்கள் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து வரும் எண்ணையும், உண்மையான நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் கூலி கேட்பது வழக்கம். டிஎக்ஸ்7 இன் நிறை ஏறத்தாழ 14 கிலோ. அதைப் பாதுகாப்பாகப் பொதிசெய்தால் பெட்டி 115 × 45 × 25 அளவுக்கு வரும். கணக்குப்படி அது ஏறத்தாழ 26 கிலோ. பெட்டியைச் சிறிதாக்கிக் கூலியைக் குறைக்கச் சொல்லும் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் முதலில் உடைவது ஓரத்துக் கட்டைகளும் துருத்தி நிற்கும் நழுவிகளும் (ஸ்லைடர்கள்)தான். பொறுமை இருந்தால் கப்பல் வழி மலிவு. வெளிநாட்டிலிருந்து குடும்பங்கள் அனுப்பும் பொதிகளோடு சேர்த்து அனுப்பினால் இன்னும் மலிவு. யமஹா சிஎஸ்-80 போன்ற ஏறத்தாழ 100 கிலோ கருவிகளுக்கு அதைத் தவிர வழியுமில்லை.

உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று நம் கண் முன்னே இருக்கிறது. ஆனால் அங்கே வருவது கோதுமை, சீமெந்துக்கான மூலப்பொருள், எரிபொருள் போன்ற மொத்தச் சரக்கு. கொள்கலன் சரக்கு கொழும்புக்கே போகிறது. தபால் பொதியும் முதலில் அங்கேதான். பிறகு தரைவழியாக ஏறத்தாழ 260 கிலோமீற்றர். லொறியில் மற்றச் சாமான்களுக்கு அடியில் போட்டு அனுப்புவதைவிட, யாராவது போய் எடுத்து ரயிலில் கூட வைத்துக் கொண்டுவருவதே நல்லது.

சுங்கத்தில் இக்கருவிகள் 9207 என்ற தலைப்பின் கீழ் வருகின்றன: மின்சாரத்தால் ஒலி பிறக்கும் அல்லது பெருக்கப்படும் இசைக்கருவிகள். வரி கணக்கிடப்படுவது கருவியின் விலைக்கு மட்டும் அல்ல. விலை, காப்புறுதி, அனுப்புகூலி மூன்றையும் கூட்டிய தொகைக்கு. உதாரணமாக 400 டொலர் கருவி, 250 டொலர் கூலியும் காப்புறுதியும் என்றால், டொலர் 300 ரூபாய் என்ற கணக்கில் 195,000 ரூபாய். 2024 ஜனவரியிலிருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். வேறு எந்தத் தீர்வையும் இல்லை என்று வைத்துக்கொண்டாலே அதற்குக் குறைந்தது 35,100 ரூபாய். உண்மையில் வேறு வரிகளும் சேரும், அவை காலத்துக்குக் காலம் மாறுகின்றன. 2020 இலிருந்து பல பொருட்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பின்னர் தளர்த்தப்பட்டதும் நினைவிருக்கும். பாவித்த பொருளுக்கு அனுமதி தேவையா என்பதை இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகு பணம் கட்டுங்கள். நாணய மாற்றையும் மறக்க வேண்டாம்: 2022 இன் சில மாதங்களில் டொலர் ஏறத்தாழ 200 இலிருந்து 360 க்கு மேல் போனது. ஏலத்தில் வென்று, கூலிக்குக் காத்திருந்த காலத்திலேயே ஒரு கருவியின் விலை ஏறத்தாழ இரட்டிப்பாகக்கூடும் என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பெறுமதியைக் குறைத்தோ அன்பளிப்பு என்றோ எழுதி அனுப்புகிறேன் என்று விற்பவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சட்டத்துக்கு மாறானது என்பது ஒருபுறம். பொதி உடைந்து வந்தால் காப்புறுதி தருவதும் அந்தக் குறைந்த பெறுமதியைத்தான்.

இவ்வளவும் பார்த்த பிறகு என் தெரிவு இதுதான். முதல் கருவியாக சிசட்-101 அல்லது லண்டனிலிருந்து வரும் டிஎக்ஸ்7 குடும்பத்துக் கருவி, அல்லது எம்1. ஏற்கெனவே ஒன்றை வைத்துப் பராமரித்துப் பழகியவருக்கு ஜுனோ-106. ரோலண்ட் டிஆர்-808 தாளக் கருவியை யாரும் இங்கே தேட வேண்டாம்: 1980 இலிருந்து 1983 வரை ஏறத்தாழ 12,000 மட்டுமே செய்யப்பட்டது, இன்று பல ஆயிரம் டொலர், அந்த ஒலிகள் எல்லா மென்பொருளிலும் இருக்கின்றன. டிஎக்ஸ்7 இன் ஒலி உங்களுக்குப் பிடிக்குமா என்பதைக்கூடப் பணம் செலவழிக்காமல் அறியலாம். டெக்ஸ்ட் (Dexed) என்ற இலவச மென்பொருள் அதன் ஒலிக் கோப்புகளை அப்படியே ஏற்று வாசிக்கும். சில மாதங்கள் அதில் பழகிப் பாருங்கள். அதன் பிறகும் கைக்கு அந்தக் கட்டைகளும் பொத்தான்களும் வேண்டும் என்று தோன்றினால் வாங்குவது நியாயம்.

கருவி வந்து சேர்ந்த நாளில் உடனே சுவரில் செருகாதீர்கள். ஒரு நாள் அறையில் கிடக்கட்டும். பிறகு அடிப்பலகையைத் திறந்து, பற்றரி கசிந்திருக்கிறதா, பயணத்தில் எந்த இணைப்பும் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, படம் எடுத்து வையுங்கள். பழுதிருந்தால் முறையிட அந்தப் படங்கள் வேண்டும், முறையிடும் காலமும் சில நாட்களே. இயங்கத் தொடங்கியதும் முதல் வேலை, உள்ளிருக்கும் ஒலிகளை மிடி வழியாகக் கணினிக்கு எடுப்பது. டிஎக்ஸ்7 இன் 32 ஒலிகளும் சேர்ந்து 4,104 பைட் அளவுள்ள ஒரே கோப்பு; எடுக்கச் சில நொடிகள் போதும். முந்திய உரிமையாளர் தானே உருவாக்கிய ஒலிகள் சில வேளைகளில் அதற்குள் இருக்கும், பற்றரியைக் கழற்றினால் அவை போய்விடும். கோப்பைப் பத்திரப்படுத்திய பிறகு பழைய பற்றரியை எடுத்து, கழற்றி மாட்டும் தாங்கி ஒன்றைப் பற்றவைத்துப் புதியதைப் போடுங்கள். அடுத்த முறை பற்றரி மாற்ற ஈயம் உருக்க வேண்டியதில்லை.